முரட்டுத்தனத்துக்கு அப்பால் ஒரு ஃபார்வர்டு

அன்புள்ள தம்பிக்கு,

கூடைப்பந்தில் முரட்டு ஆட்டம் ஆடினால்தான், வளையத்தருகே மோதும் ஃபார்வர்டுக்குக் கைதட்டல் கிடைக்கும் என்று நினைக்கிறாய். யூடோனிஸ் ஹாஸ்லெமைப் பார்த்தால் அந்த நினைப்பு நிற்காது. 2002இல் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் டிராஃப்டில், அதாவது அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. பிரான்சில் ஒரு சீசன் ஆடி, உடல் எடையை வெகுவாகக் குறைத்துக்கொண்டு, 2003இல் சொந்த ஊரின் மயாமி ஹீட் அணியில் சேர்ந்தார். 20 சீசன்கள் அங்கேயே ஆடினார். மூன்று முறை சாம்பியன். ஆனால் ஆட்டத்துக்குச் சராசரி 7.5 புள்ளிதான். பிறகு எதற்காக அரங்கம் அவரைக் கொண்டாடியது? 2012 நவம்பரில் அலோன்சோ மோர்னிங்கைத் தாண்டி, ஹீட் வரலாற்றில் அதிக ரீபவுண்டு எடுத்தவரானார். டிராஃப்டில் எடுக்கப்படாத ஒருவர் ஓர் அணியின் ரீபவுண்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது அதுவே முதல் முறை. வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவதுதான் ரீபவுண்டு. அதற்கு உயரம் மட்டும் போதாது. பந்து வளையத்தில் படுமுன்பே எதிராளியை முதுகால் மறித்து இடம்பிடிக்க வேண்டும். பல முறை பந்து வேறு பக்கம் போய்விடும். அடுத்த முறையும் சலிக்காமல் மறிக்க வேண்டும். அந்தச் சலியாமையைத்தான் மயாமி ரசிகர்கள் அடையாளம் கண்டார்கள்.

அவர் அடிதடிக்காரரும்தானே என்பாய். உண்மைதான். 2012 பிளேஆஃபில் இண்டியானா அணிக்கு எதிராகக் கண்ணுக்கு மேல் 9 தையல் போட்ட பிறகும் ஆடினார். அதே தொடரில் எதிரணியின் டைலர் ஹான்ஸ்பரோவை அடித்து ஓர் ஆட்டத்துக்குத் தடை பெற்றார். தையலோடு ஆடியது அணிக்கு உதவியது. அடித்ததில் அணிக்கு ஓர் ஆள் குறைந்ததுதான் மிச்சம். 2010இல் வேறு அணிகள் அதிகம் தர முன்வந்தும் குறைந்த சம்பளத்துக்கு மயாமியிலேயே இருந்ததைத் தியாகம் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் ஒப்பவில்லை. அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்புக்குள் நட்சத்திரங்களான லெப்ரான் ஜேம்ஸ், கிறிஸ் பாஷ், டுவைன் வேட் மூவரோடும் ஆட அதுவே வழி. அடுத்த நான்கு ஆண்டுகளில் இரண்டு பட்டங்கள் கிடைத்தன. நன்றாகப் போட்ட கணக்கு அது.

வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. கடைசி ஏழு சீசன்களில் அவர் ஆடியவை 65 ஆட்டங்களே. ஓர் இளைஞனின் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தாரா? ஆடுகளத்தை மட்டும் பார்த்தால் ஆமாம். ஆனால் 2023 இறுதிச்சுற்றுக்கு வந்த ஹீட் அணியில் டங்கன் ராபின்சன், மேக்ஸ் ஸ்ட்ரூஸ், கேப் வின்சென்ட், கேலப் மார்ட்டின் நால்வரும் டிராஃப்டில் எடுக்கப்படாதவர்கள். அவர்களை ஹாஸ்லெமே உருவாக்கினார் என்று சொல்ல மாட்டேன். பயிற்சியாளர்களின் உழைப்பு பெரிது. ஆனால் அதே வழியில் வந்த ஒருவர் தினமும் பக்கத்தில் நின்று பயிற்சி செய்வதற்கு அணியில் ஓர் இடத்தைச் செலவழிக்கலாம் என்று அந்த அணி முடிவு செய்தது. அது தவறான முடிவாக எனக்குத் தெரியவில்லை.

2006 இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டத்தைத் தேடிப் பார். ஹாஸ்லெம் 17 புள்ளி, 10 ரீபவுண்டு எடுத்த ஆட்டம். பந்தை விட்டுவிட்டு அவருடைய கால்களைக் கவனி.