ஷாக்குக்கு முன் ஒரு மணி

வெள்ளிக்கிழமை மாலை, பையைத் தோளில் மாட்டும் நேரத்தில் மேனேஜரிடமிருந்து மெசேஜ்: "திங்கள் காலை பேசணும்." எதைப் பற்றி? சொல்லவில்லை. சனி, ஞாயிறு இரண்டும் போயிற்று.

அந்த இரண்டு நாளும் வயிற்றைப் பிசைவது ஏன் என்று எலிகளுக்குத் தெரியும். அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜே வைஸ் என்ற உளவியலாளர் எலிகளின் வாலில் ஷாக் கொடுத்துப் பார்த்தார். இரண்டு எலிகளுக்கும் ஒரே அளவு ஷாக்தான். ஆனால் ஒன்றுக்கு மட்டும் ஷாக்குக்கு முன் ஒலி கேட்கும். ஒலி கேட்காத எலிக்கு வயிற்றுப் புண் மிக அதிகம். இன்னொரு சோதனையில், ஒரு எலி சக்கரத்தைச் சுழற்றினால் இரண்டுக்குமே ஷாக் நிற்கும். வலி சமம்; புண் அதிகம் வந்ததோ சக்கரம் இல்லாத எலிக்கு.

மனிதர்களும் விலக்கல்ல. 1985இல் லண்டனில் 10,308 அரசு ஊழியர்களை வைத்துத் தொடங்கிய இரண்டாவது வைட்ஹால் ஆய்வில், தங்கள் வேலையில் தங்கள் சொல் எடுபடாதவர்களுக்கே இதய நோய் அதிகம் வந்தது.

அதனால் "வேலையைக் குறையுங்கள்" என்று போய் நிற்காதீர்கள். அது பெரும்பாலும் கிடைக்காது. எலிக்குக் கேட்ட ஒலியைப் போல, முன்கூட்டியே அடிக்கும் ஒரு மணியைக் கேட்டு வாங்குங்கள். "ஷிப்ட் பட்டியலை ஒரு வாரம் முன்பே தந்துவிடுங்கள் சார்", "எதைப் பற்றிப் பேசப்போகிறோம் மேடம், தயாராகி வருகிறேன்." அடுத்து சக்கரம்: "மூன்று வேலையையும் முடித்துவிடுகிறேன், எதை முதலில் என்பதை மட்டும் என்னிடம் விடுங்கள்." பெரும்பாலான மேனேஜர்கள் இதற்கு மறுப்பதில்லை, செலவில்லையே! நீங்களே மேனேஜர் என்றால், மெசேஜில் காரணத்தையும் ஒரு வரி சேருங்கள்.

கென்யாவில் பபூன் குரங்குகளைப் பல ஆண்டுகள் கவனித்த ராபர்ட் சபோல்ஸ்கி, அழுத்தம் தணியும் வேறு வழிகளைக் கண்டார். சண்டையில் தோற்ற ஆண் குரங்கு, தன்னைவிடச் சின்னதைத் தேடிப்போய் அடிக்கும். அடித்த குரங்குக்கு அழுத்தம் குறைகிறது என்பதுதான் சங்கடம். மீட்டிங்கில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து டிரெய்னி மேல் எரிந்து விழுபவர் எல்லா ஆபீஸிலும் உண்டு. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொள்ளக் கூட்டாளி இருந்த குரங்குகளுக்கும் அழுத்த ஹார்மோன் குறைவாகவே இருந்தது. நமக்கு டீக்கடை.

அதற்கும் நேரமில்லையா? திட்டுங்கள், ஆளை அல்ல, காற்றை. 2009இல் பிரிட்டனின் கீல் பல்கலைக்கழகச் சோதனையில், கெட்ட வார்த்தை சொன்னவர்களால் ஐஸ் தண்ணீரில் கையை அதிக நேரம் வைத்திருக்க முடிந்தது. தினமும் திட்டுகிறவர்களுக்கு அந்தப் பலன் குறைவாம், சேமித்துச் செலவழியுங்கள். மைக் மியூட்டில் இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.