குப்பைமேடும் குடும்பக் கணக்கும்

குப்பையிற் கிடப்பினும் குன்றிமணியின் நிறம் போகாது என்பது நம்மவர் பழமொழி. அதனை நற்குணமுடையார்க்கு உவமையாக்கி மகிழ்வதே வழக்கம். வங்கிக் கணக்கெண்ணுக்கும் அஃது அவ்வளவு பொருந்தும் என்பதைச் சிந்திப்பார் சிலரே. தாள் கசங்கலாம், கிழியலாம், மீன் செதிலோடும் வெங்காயத் தோலோடும் கலந்து கிடக்கலாம். அதன்மேல் எழுதிய எண் எறிந்த நாளில் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே இருக்கும். இங்ஙனம் கழிக்கப்பட்ட தாள்களைத் தேடியெடுத்துப் பிறர் பொருளைக் கவர்தற்குத் துணையாகக் கொள்ளும் தொழிலொன்று இக்காலத்து உளது. அதன் இயல்பை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

எறிந்த பொருள் பேசும் என்பதைப் புதுவை நாட்டார்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அரியாங்குப்பத்து ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்டிமர் வீலர் அகழ்ந்தபோது வெளிப்பட்டவற்றுள் உடைந்தபின் எவரும் விரும்பாத பானையோடுகள் பல. அவற்றுட் சில இத்தாலிய நாட்டுக் குயவரின் முத்திரை பெற்றவை. சில தமிழ் பிராமி எழுத்தில் ஆட்பெயர் கீறப்பெற்றவை. தம் பெயரைக் கலத்தின்மேற் கீறியவர், ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு கழிந்தபின் அதனைப் பிறர் படிப்பரென்று கனவிலும் கருதியிரார். எகிப்து நாட்டு ஆக்சிரிங்கஸ் என்னும் பழநகரின் குப்பைமேடுகளை 1896-ஆம் ஆண்டின் இறுதியில் கிரென்பெல், ஹண்ட் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் கிளறத் தொடங்கினர். ஆங்கே நூற்பகுதிகளோடு கடன்முறிகளும், வரி செலுத்திய சீட்டுகளும், குத்தகை உடன்படிக்கைகளும், தனியார் கடிதங்களும் குவியல் குவியலாகக் கிடைத்தன. வரலாற்றாசிரியர்க்கு இவை புதையல். ஆயின் அக்கடன்பட்டார் உயிரோடிருந்த காலத்தே அவ்வூர்க் கயவனொருவன் அம்மேட்டைக் கிளறியிருப்பின், அவர் அதனைப் புதையலென்று கூறியிரார்.

நிற்க. நம் வீட்டுக் குப்பையில் அவ்வாறு என்னதான் இருக்கிறது என்று கேட்பார்க்குச் சில கூறுவாம். இரத்துச் செய்து கொடுத்த காசோலையின் மிகுபடியில் கணக்கெண்ணும், வங்கிக் கிளையின் குறியெண்ணும், பெயரும், கையொப்பமும் ஒருங்கே உள. முடிந்துபோன வங்கிப் புத்தகத்தில் எந்நாளில் எவரிடமிருந்து எவ்வளவு வந்தது என்பது வரிசையாக உளது. அஞ்சற் பொட்டலத்தின் மேலுறையில் முகவரியும் கைப்பேசி எண்ணும் பளிச்சென்று விளங்குகின்றன. வருமானவரித் துறையார் தரும் பான் அட்டையின் பத்து எழுத்துகளுள் நான்காவது உடையவர் தனியாளா நிறுவனமா என்பதையும், தனியாளாயின் ஐந்தாவது அவர்தம் குடிப்பெயரின் முதலெழுத்தையும் காட்டுவன. இவற்றுள் ஒன்று தனித்து நின்று பெருந்தீங்கு விளைப்பது அரிது. ஒரே வீட்டுக் குப்பையில் நான்கைந்து சேரும்போதுதான் ஒரு மனிதனின் உருவம் முழுமையாகத் திரண்டு எழுகின்றது.

எம் ஊராகிய பிள்ளைச்சாவடி கடலை நம்பி வாழ்வார் நிறைந்த சிற்றூர். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கீழைக் கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடையுளது. அக்காலத்து அரசினர் தரும் உதவித்தொகையைப் பெறுதற்கு ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் படிகள் வேண்டும். ஆதலின் செராக்ஸ் கடைகளிற் கூட்டம் நெருங்குகின்றது. பொறியில் தாள் சிக்குகின்றது. ஒரு படி மங்கலாகவும் மற்றொன்று கோணலாகவும் விழுகின்றன. அவற்றைக் கடைக்காரர் கசக்கிக் கூடையில் இட, உரியவர் நல்ல படியை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டு செல்கின்றார். மங்கிய படியிலும் பன்னிரண்டு எண்ணும் தெரிகின்றனவே என்று அவர் நின்று பார்ப்பதில்லை. ஒருமுறை நாம் வாங்கிய சுண்டற் பொட்டலத்தின் தாள் யாரோ ஒருவரின் கடன் விண்ணப்பமாக இருந்தது. சம்பளம், பிள்ளைகளின் பெயர், பிணை நின்றவரின் முகவரி எல்லாம் எண்ணெயில் ஊறிக் கிடந்தன. அவ்விண்ணப்பத்தைப் பெற்ற அலுவலகம் எதுவாயினுமாக. அதனை எடைக்குப் போட்டவர் சில காசே பெற்றிருப்பர். நம் கல்லூரித் தோழரும் இதில் இளைத்தவரல்லர். உபகாரச் சம்பள விண்ணப்பங் கொடுக்கும் வாரத்தில் விடுதி அறைகளின் குப்பைக்கூடையைப் பார்த்தார்க்கு இது விளங்கும்.

இனி, இத்தாள் கள்வர்க்கு எவ்வாறு பயன்படுகின்றது? கணக்கெண்ணை அறிந்த மாத்திரத்தே பணத்தை எடுத்துவிட முடியாது. பூட்டுக்கு உரியவரின் கைப்பேசிக்கு வரும் மறையெண் வேண்டும். அம்மறையெண்ணை அவரே மனமுவந்து சொல்லுமாறு செய்தற்கே தாள் உதவுகின்றது. முன்பின் அறியாதான் ஒருவன் அழைத்து, 'வங்கியிலிருந்து பேசுகிறேன்' என்றால் இக்காலத்துப் பலர் நம்பார். அவனே நம் பெயரையும், கணக்கெண்ணின் இறுதி நான்கையும், சென்ற மாதம் இன்ன நாளில் எடுத்த தொகையையும் பிழையின்றிக் கூறுவானாயின், ஐயம் அகன்று போகின்றது. இத்தனையும் வங்கியார்க்கன்றி வேறெவர்க்குத் தெரியும் என்று எண்ணி, முதியோர் கேட்டதைச் சொல்லிவிடுகின்றனர். உதவித்தொகை இன்னும் வரவில்லையே என்று காத்திருப்பவர்க்கு, 'உங்கள் தொகை தடைப்பட்டுள்ளது, மறையெண்ணைச் சொல்லுங்கள்' என்னும் குரல் தேனாகவே இருக்கும். சில வேளைகளில் அட்டைப் படிகளைக் கொண்டு பிறர் பெயரிற் கைப்பேசி இணைப்புப் பெறுதலும், கடன் வாங்குதலும் நிகழ்கின்றன. கடன் வாங்காதவர் வாயிலில் கடன் கேட்போர் வந்து நிற்கும்போதே அது வெளிப்படும்.

இத்தொழில் புதிதன்று. அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஜெர்ரி ஷ்னைடர் என்னும் இளைஞர் தொலைபேசி நிறுவனமொன்றன் குப்பைத் தொட்டியிற் கிடந்த கையேடுகளையும் பட்டியல்களையும் பொறுக்கிக் கற்றார். அக்கல்வியைக் கொண்டு அந்நிறுவனத்தாரே கேட்பதுபோற் கருவிகளை வரவழைத்து விற்று, 1972-இல் கைதானார். நம் தமிழ்நாட்டிலோ 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில், திருவாரூர் மாவட்டத்துத் திருத்துறைப்பூண்டிக்கு அருகே முள்ளியாற்றங்கரையில் கிடந்த சாக்குமூட்டையொன்றில் ஏறக்குறைய 2,000 ஆதார் அட்டைகள் இருக்கக் கண்டனர். அவற்றுக்குரிய மக்கள் எதனையும் எறிந்தாரல்லர். நாம் காத்தாலும் பிறர் எறிவர் என்பது இதனாற் புலனாகின்றது.

குப்பை எவருக்கு உரியது என்பதை நீதிமன்றங்களும் ஆராய்ந்துள்ளன. கலிபோர்னியா அரசுக்கும் கிரீன்வுட் என்பவர்க்கும் நிகழ்ந்த வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் 1988-இல், தெருவோரம் வைத்துவிட்ட குப்பைப்பையைக் காவலர் ஆணையின்றியே சோதிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. விலங்கும் சிறுவரும் பொறுக்குவாரும் எளிதில் அடையும் இடத்து வைத்தது மறைபொருள் ஆகாது என்பது அதன் கருத்து. நம் இந்திய உச்சநீதிமன்றம் 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-இல் புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று நிலைநாட்டியது. அதனையொட்டி வந்த 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ கணினி வடிவிலுள்ள செய்திகளையும், தாளிலிருந்து கணினிக்கு ஏற்றப்பட்டவற்றையுமே தழுவுகின்றது. ஏற்றப்படாமற் கூடையில் விழுந்த தாள் அதன் எல்லைக்கு அப்பாற் கிடக்கின்றது. சுண்டற்கடைத் தாளையும் சட்டம் ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கலாம் என்பது எம் கருத்து.

ஆதலின் காவல் நம் கையிலேயே உளது. கிழித்தால் போதாதோ எனின், போதாது. 1979-இல் ஈரான் நாட்டுத் தெஹரானில் அமெரிக்கத் தூதரகத்தார் பொறியிலிட்டு நாடாக்கிய தாள்களைப் பொறுமையோடு ஒட்டிச் சேர்த்துப் படித்தனர். கிழக்கு ஜெர்மானிய உளவுத்துறையார் கையாற் கிழித்து விட்டுச்சென்ற தாள்கள் சுமார் 16,000 மூட்டைகள். அவற்றையும் பின்னர்ச் சேர்க்கலாயினர். நம் வீட்டுத் தாளுக்காக எவரும் அத்துணை பாடுபடார் எனினும், இரண்டாகக் கிழித்த தாளைச் சேர்த்தற்கு ஒருநொடி அமையும்.

பெரியபுராணம் பயின்றார் ஈண்டு ஒன்றை நினைவர். மணக்கோலத்திலிருந்த நம்பியாரூரர் முதியவர் காட்டிய ஆளோலையைப் பற்றிக் கிழித்தெறிந்தார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றபோது, கிழிந்தது படியோலை, மூலவோலை என்னிடம் உளதென்றார் முதியவர். மூலத்தின் கையெழுத்தைக் காப்பிலிருந்த வேறோர் ஓலையோடு ஒப்பிட்டு அவையத்தார் உண்மை கண்டனர். காத்து வைத்தற்குரியது, கழித்தற்குரியது என ஓலையை இருவகையாக எண்ணிப் பார்க்கும் பழக்கம் நம்மவர்க்கு இருந்தமையை இப்பகுதி காட்டுகின்றது.

வீட்டில் பொறி வேண்டுவதில்லை. பெயரும் எண்ணும் உள்ள பகுதியைக் கத்தரிக்கோலாற் குறுக்கும் நெடுக்குமாகத் துணித்து, ஓர் இரவு நீரில் ஊறவிட்டுப் பிசைந்தால் கூழாகும். அதனைச் செடிக்குழியில் இடலாம். பழைய வங்கியட்டையைச் சில்லின் ஊடும் பின்புறக் கருநாடாவின் ஊடும் வெட்டி, துண்டுகளை வெவ்வேறு நாளில் எறிதல் நன்று; அதனை எரித்தால் நச்சுப்புகை எழும். ஆதார் வேண்டுமிடத்து, இறுதி நான்கெண் மட்டும் தெரியும் மறைப்புப் படியை அவ்வாணையத்தாரே தருகின்றனர். அதனை ஏற்பாரிடத்து அதையே கொடுக்கலாம். கொடுக்கும் படியின் குறுக்கே இன்ன காரியத்திற்கு, இன்ன நாளில் என்று எழுதிக் கையொப்பமிடுதல் நலம். குப்பை பொறுக்கிப் பிழைக்கும் ஏழைகளை ஐயுறுதல் மட்டும் தகாது. அவர்கள் காகிதத்தை எடைக்குத் தேடுகின்றனர். எண்ணைத் தேடுபவன் பெரும்பாலும் வெள்ளைச் சட்டையோடு எங்கோ ஓர் அறையில் இருப்பான். பணம் போயிற்றென்று அறிந்தவுடன் 1930 என்னும் எண்ணுக்கு அழைத்தல் வேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுமுன் தடுக்க ஓரளவு வாய்ப்புண்டு. மறுநாள் பார்ப்போமென்று இருந்தார்க்கு அவ்வாய்ப்புக் குறையும். செராக்ஸ் கடையிலோ, கெட்டுப்போன படிக்கும் காசு கொடுத்து அதனையும் கேட்டு வாங்கிக்கொண்டு வருதல் ஒன்றே போதும்.