மேலே செல்லும் வழி: கணினிக் கோப்புறைகளும் மாறிய பழக்கமும்

கணினியின் துணையின்றி இன்று தமிழாய்வு நடைபெறுவது அரிதாகிவிட்டது. சுவடியைப் பார்த்தெழுதியவரும் அட்டைகளில் குறிப்பெடுத்தவரும் இறுதியில் விசைப்பலகையின்முன் வந்தமர வேண்டியுள்ளது. அவ்வாறு வந்தமர்ந்தோர் எழுத்துருவைப் பற்றியும் விசைப்பலகை அமைப்பைப் பற்றியும் நிறையவே பேசியுள்ளனர். எழுதியதை எங்கே வைத்தோம், அதனை மீண்டும் சென்றடைவது எவ்வாறு என்பதைப் பற்றிப் பேசினோர் சிலரே. இயங்குதளம் மாறுந்தோறும் அவ்வழியும் மாறிவிடுகின்றது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றதை அடுத்துப் பலரும் புதிய பதிப்பிற்கு வந்துள்ளனர். இவ்வேளையில் இப்பொருளை மாணவர்க்கும் மூத்தோர்க்கும் பயன்படும் வகையில் ஆராய முற்படுகின்றோம்.

நம்மை இதற்குத் தூண்டியது ஒரு நிகழ்ச்சி. நாம் பெரிதும் மதிக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர், கடற்கரை ஊர்களின் வழக்குச்சொற்களைப் பல்லாண்டுகளாகத் தொகுத்து வந்தவர். அட்டைகளில் எழுதியவற்றையெல்லாம் கணினியில் ஏற்றி முடித்தபின், செல்லரித்த அட்டைகளை அவரே அப்புறப்படுத்திவிட்டார். கணினியில் புதிய பதிப்பை நிறுவிய மறுநாள் நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, அலமாரி இருந்த இடத்தில் சுவர்தான் இருக்கிறது” என்றார். அவருடைய குரலை நாம் அதற்குமுன் அவ்வாறு கேட்டதில்லை.

மரமும் மேசையும்

கோப்புகளை ஒன்றனுள் ஒன்றாக அடுக்கும் முறை பழமையானது. மல்டிக்ஸ் என்னும் இயங்குதளத்திற்காக 1965-ஆம் ஆண்டிலேயே மரம்போல் கிளைக்கும் கோப்பமைப்பு விளக்கப்பட்டது. யூனிக்ஸ் அதனை எளிமையாக்கிப் பரப்பிற்று. வேர் ஒன்று, அதிலிருந்து கிளைகள், கிளைகளிலிருந்து சிறுகிளைகள், நுனியில் இலைகளாகக் கோப்புகள் என்பது அதன் கருத்து. தலைகீழாக நிற்கும் மரம் இது. வேர் மேலே இருக்கும். ‘மேலே செல்’ என்று கணினி கூறுமிடத்து அது வேரை நோக்கிச் செல்லுதலையே குறிக்கும் என்பது ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது.

1981-இல் வந்த எம்.எஸ்.டாஸின் முதற்பதிப்பில் உட்கிளைகளே இல்லை. 1983-இல் வெளிவந்த 2.0 பதிப்பிலேதான் அவை தோன்றின. முன்சாய்கோடு கட்டளைகளின் துணைக்குறியாக முன்னரே வழங்கிவந்தமையால், கிளைகளைப் பிரிக்கப் பின்சாய்கோட்டை எடுத்துக்கொண்டனர். இன்றும் நாம் முகவரியிற் காணும் அக்கோட்டின் வரலாறு இதுவே. அதே 1981-இல் ஜெராக்ஸ் ஸ்டார் என்னும் பொறி, அலுவலக மேசையையும் அதன்மேல் கிடக்கும் உறைகளையும் திரையில் படமாகத் தீட்டிக் காட்டிற்று. மரம் என்னும் கருத்து பொறியாளருடையது; மேசை என்னும் கருத்து எழுத்தருடையது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முழுமையாக இயைந்ததில்லை. பின்னர் நேர்ந்த மாற்றங்களுட் பலவற்றிற்கு இவ்வியைபின்மையே காரணம் என்பது நம் கருத்து.

நம்மவர் இட்ட பெயர்களும் இவ்விரு கருத்துகளையும் தாங்கியுள்ளன. ‘கோப்பு’ என்பது கோத்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. ‘அடைவு’ என்பதில் ஒழுங்குமுறை என்னும் பொருளும் சென்றடைதல் என்னும் பொருளும் உள்ளன. ‘கோப்புறை’ என்பதிலுள்ள உறை மேலுறையே எனினும், உறைதல் என்னும் வினையையும் அது நினைவூட்டுகின்றது. அடைவு மரத்திற்கும், கோப்புறை மேசைக்கும் பொருந்துவதைக் காண்க. பெயரிட்டோர் இதனை எண்ணித்தான் இட்டனரோ, அறியோம்.

1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இன் கோப்பு மேலாளர் இடப்பக்கம் மரத்தையும் வலப்பக்கம் அதன் உள்ளடக்கத்தையும் காட்டிற்று. 1995 ஆகஸ்ட் 24-இல் வெளியான விண்டோஸ் 95 அதனை ஒதுக்கிவிட்டு எக்ஸ்ப்ளோரரைக் கொணர்ந்தது. அடைவு என்று வழங்கியது கோப்புறை என்றாயிற்று. எட்டெழுத்தும் அதன்பின் மூன்றெழுத்துமாகச் சுருங்கியிருந்த கோப்புப் பெயர் 255 எழுத்துவரை நீண்டது. அந்நாளில் பழைய மேலாளரை விட மனமின்றி வருந்தியோர் பலர். 2018-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அப்பழைய நிரலின் மூலத்தை வெளியிட்டு, எவரும் எடுத்தாள இசைவளித்தது. இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின்னரும் அதனை நாடுவோர் இருந்தனர் எனின், பழக்கத்தின் வலிமையை என்னென்பது!

வந்த வழியும் மேலுள்ள படியும்

இனி இக்கட்டுரையின் உயிர்நிலையாகிய பகுதிக்கு வருவோம். 2007-இல் பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டாவில் ‘ஒரு படி மேலே’ என்னும் பொத்தான் நீக்கப்பட்டது. அதற்கு ஈடாக முகவரிப் பட்டையில் கோப்புறைகளின் பெயர்கள் வரிசையாக நின்றன. எப்பெயரைச் சொடுக்கினாலும் அங்கே செல்லலாம். பெயர்களுக்கிடையேயுள்ள சிறு அம்பைச் சொடுக்கின் உடன்பிறப்புக் கோப்புறைகளும் பட்டியலாய் விரியும். ஆற்றலை நோக்கின் இது முன்னையதினும் மேம்பட்டதே. ஒரே சொடுக்கில் மூன்று படி ஏறலாமே! அங்ஙனமிருந்தும் மக்கள் ஏன் முணுமுணுத்தனர்?

பழைய பொத்தான் எஞ்ஞான்றும் ஓரிடத்திலேயே நின்றது. கண் பார்க்குமுன் கை அங்கே சென்றுவிடும். புதிய பட்டையிலோ தாய்க் கோப்புறையின் பெயர் நீளமாயின் ஓரிடத்திலும், குறுகியதாயின் வேறோரிடத்திலும் நிற்கும். கை செய்துவந்த வேலையைக் கண்ணும் கருத்தும் செய்யவேண்டியதாயிற்று. ஒரு நாளைக்கு நூறுமுறை செய்யும் செயலில் இவ்வேறுபாடு சிறிதன்று.

மற்றொரு மாற்றம் இதனினும் நுண்ணியது. பலர் அதனை உணரவேயில்லை. விண்டோஸ் எக்ஸ்.பி. வரை பேக்ஸ்பேஸ் விசையை அழுத்தினால் தாய்க் கோப்புறைக்கு, அதாவது ஒரு படி மேலே, செல்வோம். விஸ்டாவிலிருந்து அதே விசை, சற்றுமுன் பார்த்த இடத்திற்கு நம்மைக் கொண்டுசெல்லத் தொடங்கிற்று. இணைய உலாவிகளின் ‘பின்செல்’ பழக்கம் கோப்புறைக்குள்ளும் புகுந்துவிட்டது.

மேலே செல்லுதல், பின்செல்லுதல் ஆகிய இரண்டற்கும் வேறுபாடு என்னை என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். மாணவர் ஒருவர் நூலகத்துள் நுழைந்து, தமிழ்ப் பிரிவிற்குச் சென்று, அங்கே அகராதி அடுக்கை அடைகின்றார். அவர் பின்சென்றாலும் தமிழ்ப் பிரிவிற்கே வருவார். மேலே சென்றாலும் தமிழ்ப் பிரிவிற்கே வருவார். இரண்டும் ஒன்றாய் முடிகின்றன. மற்றொருவர் வரலாற்றுப் பிரிவில் அமர்ந்திருக்கையில், நூலகர் அழைத்து நேரே அகராதி அடுக்கின்முன் நிறுத்துகின்றார் என்று கொள்வோம். இவர் பின்சென்றால் வரலாற்றுப் பிரிவை அடைவார். மேலே சென்றாலோ தமிழ்ப் பிரிவை அடைவார். முன்னது நடந்தவருடைய வரலாறு. பின்னது நூலகத்தினுடைய அமைப்பு.

படிப்படியாக இறங்கி வருவோர்க்கு இரண்டும் ஒரே விடையைத் தருதலின், விசையின் பொருள் மாறியது அவர்க்குப் புலப்படுவதில்லை. தேடல் வழியாகவோ குறுக்குவழி வழியாகவோ ஓரிடத்திற்குத் தாவி வந்த அன்றுதான் அவர் திகைக்கின்றார். எங்கே இருக்கின்றோம் என்பதே அவருக்குக் குழம்பிவிடுகின்றது. நம் மாணவருட் பலர் ‘கணினி தானாக எங்கோ போய்விட்டது’ என்று கூறுவதைக் கேட்டிருக்கின்றோம். கணினி எங்கும் போவதில்லை. கேட்ட கேள்விக்கே விடையிறுக்கின்றது. கேள்வியின் பொருளை மாற்றிவிட்டு அதனை உரக்கச் சொல்லாமல் விட்டது வடிவமைத்தோர் செய்த பிழை என்றே நாம் கருதுகின்றோம்.

மேலேறும் பொத்தானை மீட்டுத் தருமாறு பயனர் விடாது கேட்டுவந்தனர். 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் அது திரும்பிற்று. பேக்ஸ்பேஸ் மட்டும் பழைய பொருளுக்குத் திரும்பவில்லை. ஆல்ட் விசையோடு மேலம்பை அழுத்தினால் தாய்க் கோப்புறையும், ஆல்ட்டோடு இடவம்பை அழுத்தினால் முன் பார்த்த இடமும் கிட்டும். விஸ்டா முதல் இன்றைய விண்டோஸ் 11 வரை இவை மாறவில்லை. மாணவர் பிறிதொன்றையும் மனங்கொள்ளாவிடினும் இவ்விரண்டையேனும் கைப்பழக்கமாக்கிக் கொள்க.

பிற இயங்குதளத்தாரும் இவ்விடர்க்கு விலக்கல்லர். மெக்கின்டாஷ் 1984 முதல் ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒரு சாளரம் என்றிருந்தது. 2001-இல் வந்த மேக் ஓ.எஸ். எக்ஸ் அம்முறையைத் தளர்த்திற்று. லினக்ஸ் உலகின் நோம் திரைச்சூழல் 2004-இல் உலாவி முறையை விட்டுப் பழைய சாளர முறைக்குச் சென்று, 2010-இல் மீண்டும் உலாவி முறைக்கே வந்துசேர்ந்தது.

இடமும் பட்டியலும்

2009-இல் வந்த விண்டோஸ் 7 ‘நூலகம்’ என்னும் ஒன்றைப் புகுத்திற்று. பெயர் நூலகமாயினும் அதில் நூல் ஒன்றும் இல்லை. பல இடங்களிலுள்ள கோப்புறைகளை ஒருங்கே காட்டும் பட்டியல் அது. நூலகத்தை நீக்கினால் உள்ளிருப்பவை அழிவதில்லை. உள்ளே தோன்றும் கோப்பை நீக்கினாலோ, உரிய இடத்திலுள்ள மெய்யான கோப்பே நீங்கும். இதனை அறியாது இழந்தோர் உளர். 2015-இல் விண்டோஸ் 10 ‘விரைவு அணுகல்’ என்பதனை முதற்பக்கமாக வைத்தது. அடிக்கடி திறப்பவையும் அண்மையில் திறந்தவையும் அதில் தாமே வந்துநிற்கும். விண்டோஸ் 11 அவ்விடத்தில் ‘முகப்பு’ என்பதனை வைத்துள்ளது. 2022-இல் ஒரே சாளரத்துள் பல தாவல்களைத் திறக்கும் வசதியையும் தந்தது. தாவல்கள் நன்மையே, கோப்புகளை இடம்பெயர்க்கையில் இரண்டு கோப்புறைகளையும் அருகருகே வைத்துக்கொள்ளலாம்.

நாள்தோறும் ஒரே பணியைச் செய்வோர்க்கு இப்பட்டியல்கள் பேருதவி என்பதை மறுக்க இயலாது. ஓராண்டு கழித்துத் தம் பழைய குறிப்பைத் தேடும் ஆய்வாளர்க்கோ அவை துணைசெய்வதில்லை. அடிக்கடி தொடாதது பட்டியலிலிருந்து நழுவிவிடும். ஆகவே, விருப்பத்தேர்வுகள் பகுதியில் எக்ஸ்ப்ளோரர் ‘இந்தக் கணினி’ என்பதிலேயே திறக்குமாறு அமைத்துக்கொள்வது நன்று. இடப்பக்கப் பலகத்தின் வெற்றிடத்தில் வலச்சொடுக்கு செய்து, நடப்புக் கோப்புறைவரை மரம் விரியுமாறும் அமைக்கலாம். அவ்வாறு செய்தால் நாம் நிற்கும் கிளை எப்போதும் கண்முன் நிற்கும். ஆல்ட்டோடு டி விசையை அழுத்தினால் முழு முகவரியும் எழுத்தாகத் தோன்றும்; அதனைப் படித்துப் பார்க்கும் வழக்கம் வேண்டும்.

பேராசிரியர் இல்லத்திற்கு அன்று மாலையே சென்றோம். அவர் இத்தனை ஆண்டுகளும் தம் தொகுப்பை இடப்பக்கப் பட்டியலில் மூன்றாவதாக நின்ற மஞ்சள் உறை வழியாகவே திறந்துவந்தவர். அது மெய்யாக எங்கே உள்ளது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. புதிய பதிப்பை நிறுவியபோது பட்டியல் வெறுமையாயிற்று. மூன்றாவது உறையும் மறைந்தது. நம்முடன் வந்த மாணவர், “ஐயா, டி டிரைவைத் திறந்து பார்க்கலாமா?” என்று கேட்டார். சி டிரைவில் மட்டுமே புதிதாக நிறுவியிருந்தனர். டி டிரைவைத் தொடவில்லை. ‘ஆய்வு’ என்னும் கோப்புறைக்குள் ‘வழக்குச்சொல்’, அதனுள் ‘நெய்தல்’. அனைத்தும் இருந்தன.

பெரியவர் சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு மேசை இழுப்பறையிலிருந்து பழைய குறிப்பட்டை ஒன்றை எடுத்து, அம்மூன்று பெயர்களையும் வரிசையாக மையால் எழுதி, திரையின் ஓரத்தில் ஒட்டினார். மாணவர் தொகுப்பின் நகலொன்றைத் தனி வன்தட்டில் எடுத்துக்கொண்டிருக்க, அவர் காற்றுகளின் பெயர்கள் அடங்கிய கோப்பைத் திறந்து, கச்சான் என்னும் சொல்லுக்குத் தாம் முன்னர் எழுதியிருந்த விளக்கத்தில் ஒரு திருத்தம் செய்யலானார்.