அரநாயக்கத் தோட்டப் பள்ளிக்குப் போகும் கலை, விளையாட்டு ஆசிரியருக்கு

அரநாயக்கவில் ஒரு தோட்டப் பாடசாலைக்குச் சங்கீதமோ நடனமோ விளையாட்டோ படிப்பிக்கப் போகிறவர் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு நாள்தான் போவார். மாவனல்லையில் பஸ் மாறி, கடைசி இரண்டு மைலை நடந்தோ முச்சக்கர வண்டியிலோ ஏறி, மூன்று பாடவேளை எடுத்துவிட்டு இறங்குவார். நம்முடைய பாடத்திட்டத்தில் சங்கீதம், நடனம், சித்திரம் என்று தனித்தனியாகப் பிரிவது 6 ஆம் தரத்தில்தான். அதற்குக் கீழே பாட்டும் ஆட்டமும் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளுக்குள் அடக்கம். கணக்குச் சொல்லிக் கொடுக்கும் அதே டீச்சர்தான் பாடவும் வைக்க வேண்டும், ஓடவும் விட வேண்டும். அதனால் அந்தத் துறை படித்த ஒருவர் வருகிற நாளைப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டு இருப்பார்கள். பல வருடம் இப்படிப் பள்ளி பள்ளியாகப் போய்ச் சங்கீதம் படிப்பித்தவன் என்ற உரிமையில், புதிதாகப் போகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

முதல் நாள் நீங்கள் பாடாதீர்கள், பிள்ளைகளைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். சினிமாப் பாட்டுத்தான் முதலில் வரும், வரட்டும். பிறகு, “வீட்டில அப்பாயி என்ன பாடுவாங்க? திருவிழாவுக்கு என்ன பாடுவாங்க?” என்று கேளுங்கள். தாலாட்டு வரும், கும்மி வரும், கொழுந்து மலையில் பாடியது வரும். மடக்கும்புர தோட்டத்தில் 1914 இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை இப்படிப் பாடல்களைக் கேட்டுக் கேட்டுத்தான் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற தொகுப்பைத் தந்தார். நீங்கள் தொகுப்புப் போட வேண்டியதில்லை. ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டால் போதும். அடுத்த ஆறு மாதத்துக்கான பாடம் அதற்குள் இருக்கும்.

சரளி வரிசைக்கு அந்தப் பாட்டின் வழியாகவே போங்கள். நாட்டார் மெட்டுகளில் பல நாதநாமக்கிரியையின் சாயலில் இருப்பவை. நாதநாமக்கிரியையோ மாயாமாளவகௌளையின் ஜன்யம். சரளி வரிசையை நாம் தொடங்குவதும் அதே மாயாமாளவகௌளையில்தானே! லயத்துத் திண்ணையில் அப்பாயி பாடும் ஒப்பாரியிலும் தாலாட்டிலும் கேட்டுப் பழகிய சின்ன ரிஷபம் பிள்ளையின் காதில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பாட்டை முதலில் பாட வைத்து, பிறகு அதன் சுரத்துக்குப் பெயர் சொல்லுங்கள். கரும்பலகையில் ச ரி க ம எழுதி ஆரம்பித்தால் ஒரு மாதம் பிடிப்பது, இப்படி ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் நடக்கும்.

சுருதியைப் பிள்ளைக்காக வையுங்கள். ஆண் ஆசிரியர்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடிப் பழகியவர்கள். அதிலேயே வகுப்பைப் பாட வைத்தால் பிள்ளையின் குரல் தொண்டைக்குள் முனகும், மேல் ஸ்தாயிக்குப் போனால் கத்தும். நான்கரை, ஐந்து கட்டைக்கு ஏற்றிப் பாருங்கள். முதல் இரண்டு வருடம் நான் இந்தப் பிழையைச் செய்தேன். குரல் இல்லாத பிள்ளைகள் என்று அவர்களைப் பற்றி முடிவும் கட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் மனம் உறுத்துகிறது.

தோட்டத்தில் தப்பு மேளத்தைக் காய்ச்சத் தெரிந்தவரைத் தேடிப் பிடியுங்கள். இந்த மலையில் ஈரம் விடாது. தோல் தொய்ந்துவிட்டால் தப்பு சத்தமே எழுப்பாது. அடிப்பதற்கு முன் வைக்கோலையோ காய்ந்த சருகையோ கொளுத்தி, தீயில் காட்டிக் காட்டித் தோலை இறுக்க வேண்டும். எவ்வளவு தூரத்தில் பிடிப்பது, எப்போது திருப்புவது, விரலால் தட்டிப் பார்த்து எப்போது போதும் என்று சொல்வது என்பதெல்லாம் அந்தக் கைக்குத்தான் தெரியும். ஒரு காலத்தில் விடியற்காலையில் தொழிலாளரை, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு எழுப்பியதும் இதே தப்புத்தான். வேலைக்கு விரட்டிய ஓசையாகவும் அது இருந்தது, காமன்கூத்திலும் திருவிழாவிலும் ஆட வைத்த ஓசையாகவும் இருந்தது. இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். காய்ச்சத் தெரிந்த அந்தத் தாத்தாவை ஒரு நாள் பள்ளிக்கு அழைத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்து, “வாத்தியார்” என்று பிள்ளைகள் முன்னால் கூப்பிடுங்கள். அதிபரிடம் முன்கூட்டியே சொல்லி, தேத்தண்ணி ஒன்றும் கொடுக்கச் செய்யுங்கள்.

அப்படியே பக்கத்துச் சிங்களப் பாடசாலையின் நடன ஆசிரியரோடும் பழகிக்கொள்ளுங்கள். சப்ரகமுவ நடனத்துக்கென்று உரிய மேளம் தவுல. ஒரு பக்கம் குச்சியாலும் மறுபக்கம் கையாலும் அடிப்பது. தப்பு ஒருமுகம், இரண்டு குச்சி. இரண்டையும் ஒரே மரத்தடியில் அடித்துக் காட்டினால் ஒலி எப்படிப் பிறக்கிறது என்பதை விஞ்ஞானப் புத்தகத்தை விடப் பிள்ளைகள் தெளிவாகப் புரிந்துகொள்வார்கள். ஒரே பிரதேசத்தில் வளர்ந்தும் ஒருவர் மேளத்தை மற்றவர் தொட்டுப் பார்க்காத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

விளையாட்டு ஆசிரியருக்கு: இருக்கிற சமதரையை அடியால் அளந்து, அதற்குப் பொருந்தும் விளையாட்டை எடுங்கள். நீளமான ஓடுபாதை போட இடம் இருக்காது. கிளித்தட்டுக்குச் சிறு இடம் போதும், ஓட்டமும் நிறுத்தமும் திரும்புதலும் அதில் இருக்கின்றன. எல்லேக்கு ஒரு மூங்கில் தடியும் ரப்பர் பந்தும் போதும். கபடி என்றால் களிமண் தரையைக் கொத்தி மணல் போட்ட பிறகுதான். கற்கள் கிடக்கும் தரையில் பிள்ளை விழக்கூடாது. பயிற்சிக்கு முன் யார் யார் காலையில் சாப்பிடவில்லை என்று கேளுங்கள். கையைத் தூக்கச் சொல்லாமல், தனியாக. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளையை ஓட விடாதீர்கள்.

வகுப்பு டீச்சர் பக்கத்தில் இருக்கும்போதே பாடத்தை நடத்துங்கள். அந்த நேரத்தில் கொப்பி திருத்தப் போக அவருக்கு ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மற்ற நான்கு நாளும் பிள்ளைகளோடு இருப்பவர் அவர். அவர் பாடப் பழகாவிட்டால் நீங்கள் சொல்லிக் கொடுத்த தாளம் அடுத்த கிழமைக்குள் மறந்துவிடும்.

மழையைப் பார்த்து நேரத்தை வையுங்கள். 2016 மே 17 அன்று சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே கிராமங்களை மூடியது இந்த அரநாயக்கவில்தான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுத்திருந்தால் அன்று பயிற்சி இல்லை. மற்ற நாட்களிலும் விளையாட்டைக் காலையில் வையுங்கள், பிற்பகலில் மழை இறங்கும்.

செய்யக்கூடாதவை

“அது அவர்களுடைய வேலை” என்று ஊர் சொல்லும் பிள்ளைகளிடம் மட்டும் தப்பைக் கொடுக்காதீர்கள். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். மேசையில் விரலால் போடும் தாளத்தில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. தப்பைக் கொண்டுபோன அன்று அவன் மட்டும் அதைத் தொடவில்லை. பிறகுதான் விளங்கியது: அவன் தாத்தா சாவு வீடுகளுக்குத் தப்படிக்கப் போகிறவர், அதைச் சொல்லி மற்றப் பிள்ளைகள் அவனைக் கேலி செய்கிறார்கள். நான் தெரியாமல் அவனைப் பெயர் சொல்லி முன்னால் கூப்பிட்டிருந்தேன். அடுத்த கிழமை எல்லாருக்கும் குச்சி கொடுத்தேன், முதல் அடியை நான் அடித்தேன், பிறகு வகுப்பு வரிசைப்படி எல்லாரும். கேலி செய்த பிள்ளைகளுக்குக் கை பிடிபடவில்லை. அவர்களுக்கு அவன் சொல்லிக் கொடுத்தான், நான் கேட்காமலே.

காமன்கூத்தைப் பரிசளிப்பு விழாவுக்கான ஐந்து நிமிட நிகழ்ச்சியாக வெட்டி எடுக்காதீர்கள். மாசியில் கம்பம் ஊன்றித் தொடங்கி மன்மதன் எரிவதோடு முடியும் நோன்பு அது. ரதி, மதன் வேடம் போடுகிறவர்கள் விரதம் இருந்து ஆடுகிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வையுங்கள், தாளத்தைக் கற்றுக்கொடுங்கள், பாத்திரங்களைப் படமாக வரையச் சொல்லுங்கள். மேடையில் ஆட வைக்க வேண்டும் என்றால் தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தமிழ்த் தினப் போட்டிக்கு என்று நான்கு பேரைத் தெரிந்தெடுத்து, மிச்சம் முப்பது பேரைச் சுவரோரம் உட்கார வைக்காதீர்கள். வலயத்தில் வென்று, மாகாணத்துக்குப் போனால் நல்லதுதான். ஆரம்பப் பிரிவில் அதற்காக மற்றவர்களின் பாடவேளையை எடுப்பது சரியில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

உடுப்புக்கும் சலங்கைக்கும் சம்பள நாளுக்கு முன் காசு கேட்காதீர்கள். முடிந்தால் எப்போதுமே கேட்காதீர்கள். காசு கொண்டுவர முடியாத பிள்ளை காய்ச்சல் என்று சொல்லி அன்று வராது. வெள்ளைச் சீருடையும் இடுப்பில் ஒரு சிவப்புத் துண்டும் கும்மிக்குப் போதும்.

பெற்றோரை வேலை நாளில் கூப்பிடாதீர்கள். ஒரு அம்மா கொழுந்து மலையிலிருந்தோ பால் வெட்டும் இடத்திலிருந்தோ இறங்கி வந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம்தான் விழும்.

பாடசாலை விட்ட பிறகு நெடுநேரம் பயிற்சிக்கு நிறுத்தாதீர்கள். தூர டிவிசனிலிருந்து நடந்து வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், பாதையில் அட்டையும் வழுக்கலும்.

5 ஆம் தரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது உங்கள் பாடவேளையைத்தான் முதலில் கேட்பார்கள். அதிபரோடு சண்டை வேண்டாம், ஆனால் அரை மணி நேரமாவது தாருங்கள் என்று கேட்டு வாங்குங்கள். காலையிலிருந்து வினாத்தாள் செய்த பிள்ளைக்கு அந்த அரை மணி மூச்சு.

சித்திர வகுப்பில் மண்சரிவை வரையச் சொல்லாதீர்கள். பிள்ளை தானாக வரைந்தால் தடுக்காமல் பக்கத்தில் உட்காருங்கள், நன்றாக இருக்கிறது என்றோ ஏன் இப்படி என்றோ சொல்லாமல். எந்த வீட்டில் யாரை இழந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. 2025 நவம்பரில் டித்வா புயலின் மழையில் மலைநாடு மறுபடியும் சரிந்த பிறகு இது இன்னும் முக்கியம்.

கடைசியாக, கருவிகளை அலுமாரியில் பூட்டிச் சாவியோடு பஸ் ஏறாதீர்கள். சாவி வகுப்பு டீச்சரிடம் இருக்கட்டும், இடைவேளையில் பிள்ளைகள் எடுத்து அடிக்கட்டும். தோல் கிழிந்தால் அடுத்த கிழமை நீங்கள் வரும்போது தப்புக் காய்ச்சும் அந்தத் தாத்தாவைக் கூப்பிட்டு, பிள்ளைகள் சுற்றி நிற்க, புதுத் தோல் கட்டச் சொல்லுங்கள்.