உள்ளங்கையில் ஒரு காசளவு காயம்

கேள்வி: என் சித்தப்பா மகனுக்கு வயது 26. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊரில், அலுமினியத் தொரட்டியால் தேங்காய் பறிக்கும்போது அது எச்.டி. லைனில் பட்டு ஆளைத் தூக்கி எறிந்துவிட்டது. பேசிக்கொண்டேதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். வலது உள்ளங்கையில் ஒரு காசளவு கருப்பு, இடது குதிகாலில் இன்னொன்று, அவ்வளவுதான். மூன்றாம் நாள் முழங்கைக்குக் கீழே கையை எடுத்துவிட்டார்கள். டாக்டர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள் என்று சித்தி இன்னமும் அழுகிறார். இவ்வளவு சின்னக் காயத்துக்குக் கையை எடுக்க வேண்டுமா? இங்கே எங்கள் தெருமுனையிலும் பச்சை நிற மின்பெட்டி ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் அதன்மேல் ஏறி உட்காருகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது.

– வாசகி, பொயிண்ட் குக், மெல்பர்ன்

பதில்: உங்கள் சித்தியிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். அந்தக் கையை நான் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது தீக்காயப் பிரிவில் வேலை செய்பவர்களுக்கு மிகவும் பழகிய கதை. அந்தக் கை அநேகமாக லைனில் பட்ட நொடியிலேயே போய்விட்டது. அது வெளியே தெரிவதற்குத்தான் மூன்று நாள் ஆனது.

மின்சாரத்துக்கு நம் உடம்பில் இருக்கும் பெரிய தடுப்பு தோல்தான். உலர்ந்த, காய்ப்பேறிய தோலின் மின்தடை ஒரு லட்சம் ஓம் வரைகூட இருக்கும். தோலைத் தாண்டிவிட்டால் உள்ளே சில நூறு ஓம்தான். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை உலர்ந்த தோல் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஈரக்கை என்றால் அதுவும் இல்லை. கிராமத்து எச்.டி. லைனில் ஓடுவதோ 11,000 அல்லது 22,000 வோல்ட். அந்த அழுத்தத்தில் தோல் நொடியில் பொத்துக்கொள்ளும். உடம்பின் தடையை 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டாலும் 11 ஆம்பியர் உள்ளே பாயும். உங்கள் வீட்டு சேஃப்டி ஸ்விட்ச் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அணைந்துவிடும். உங்கள் தம்பியின் உடம்பில் பாய்ந்தது அதைப்போல முந்நூறு மடங்குக்கு மேல் இருந்திருக்கும்.

இவ்வளவு மின்சாரம் உள்ளே போன வாயைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வராது. சாம்பல் வெளுப்பாக, நடுவில் குழிந்து, ஓரம் தடித்து, காய்ந்துபோய் இருக்கும். ரத்தம் வராது. நரம்பும் வெந்துவிடுவதால் பல நேரம் வலிகூட இருக்காது. 'ஒன்றுமில்லை, மஞ்சள் பத்துப் போட்டால் சரியாகிவிடும்' என்று வீட்டிலேயே இருந்துவிடுபவர்களும் உண்டு.

உள்ளே நடப்பது வேறு. மணிக்கட்டு குறுகிய இடம். அங்கே எலும்பும் தசைநாரும்தான் அதிகம், மின்சாரம் எளிதில் ஓடும் தசை குறைவு. அகலமான ஆற்றை மதகுக்குள் திருப்பிவிட்டதுபோல அத்தனை மின்சாரமும் அந்தச் சின்ன இடத்தில் நெருக்கியடித்துப் போகும்போது சூடு ஏறுகிறது. அதிலும் எலும்புக்குத் தடை அதிகம். அதனால் எலும்பை ஒட்டிய தசைதான் முதலில் வேகும், மேலே உள்ள தசை சிவப்பாக, உயிரோடு இருப்பதுபோலவே தெரியும். ரத்தக் குழாய்களின் உட்சுவரும் கருகியிருக்கும். அந்த இடங்களில் மெதுவாக ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். முதல் நாள் கதகதப்பாக இருந்த விரல் மூன்றாம் நாள் சில்லிட்டுக் கறுப்பது இதனால்தான். தசை வீங்கி, தன்னைச் சுற்றியுள்ள உறைக்குள்ளேயே நெரிபடுவதும் உண்டு. முன்கையை நீளவாக்கில் கீறித் திறந்துவிட்டுக் கையைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். எப்போதும் முடிவதில்லை.

செத்த தசையை அப்படியே விட்டுவைக்கவும் முடியாது. அதிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். இப்படிப்பட்டவர்களின் சிறுநீர்ப் பையில் கறுத்த வறத்தேநீர்போல ஒன்று சொட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நிறம் தெளியும்வரை சலைன் ஓடிக்கொண்டே இருக்கும். தெளியாவிட்டால் கை ஒரு பக்கம், உயிர் ஒரு பக்கம் என்று மருத்துவர் தேர்ந்தெடுக்க வேண்டிவரும்.

இதயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல் 27 அதிகாலை, உங்கள் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு, சிறுவர்கள் உட்பட 11 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட விபத்தில் மின்சாரம் மார்பு வழியாகப் போனால் இதயம் தாளம் தப்பித் துடிதுடிக்கும், அல்லது அப்படியே நின்றுவிடும். நின்ற இதயம் சில நேரம் தானே ஓடத் தொடங்கும், ஆனால் மூச்சு திரும்பாது. அந்தச் சில நிமிடங்களில் நெஞ்சை அழுத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினால் ஆள் பிழைக்கக்கூடும். நம் ஊர்களில் அந்த நிமிடங்களை மணலில் கழுத்தளவு புதைப்பதில் கழிக்கிறார்கள். உடம்பில் கரண்ட் தங்காது, மண்ணில் இறங்க அங்கே ஒன்றும் மிச்சம் இல்லை. தயவுசெய்து இதை ஊரில் எல்லோரிடமும் சொல்லுங்கள். நெஞ்சை அழுத்தும் முறையே கரண்ட் அடித்துச் செத்த லைன்மேன்களால் வந்ததுதான். அமெரிக்க மின் நிறுவனங்கள் பணம் கொடுத்துத் தொடங்கிய ஆராய்ச்சியில், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த மின்பொறியாளர் கௌவென்ஹோவனும் அவருடைய சகாக்களும் 1960இல் அதை வெளியிட்டார்கள்.

ஆனால் லைன் அணைக்கப்பட்டது உறுதியாகும்வரை அடிபட்டவரை நெருங்கக் கூடாது. காய்ந்த கட்டையால் தட்டிவிடு என்று நாம் பள்ளியில் படித்தது வீட்டு மின்சாரத்துக்கு மட்டும்தான். 11,000 வோல்ட்டுக்குக் கட்டை, செருப்பு எதுவும் காவல் ஆகாது. கம்பி அறுந்து கிடந்தால் குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். மண்ணிலும் மின்சாரம் பரவியிருக்கும். ஒரு காலுக்கும் மறுகாலுக்கும் இடையே உள்ள அழுத்த வேறுபாடே ஆளைச் சாய்த்துவிடும். அருகில் மாட்டிக்கொண்டால் பாதங்களைச் சேர்த்துவைத்து, தரையை விட்டு எடுக்காமல் தேய்த்தபடி நகர வேண்டும். கார்மேல் கம்பி விழுந்தால் உள்ளேயே உட்கார்ந்து 000 அழையுங்கள். தீப்பிடித்தால் மட்டும், இரண்டு கால்களும் சேர்ந்து தரையில் படும்படி குதித்து வெளியேறுங்கள்.

உங்கள் தெருமுனைப் பச்சைப் பெட்டி ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் நிலையம். பொயிண்ட் குக்கின் புதிய குடியிருப்புகளில் லைன் மண்ணுக்கடியில் போவதால் கம்பத்தில் இருக்க வேண்டியது தரையில் இருக்கிறது. மெல்பர்னில் இந்த லைன் பெரும்பாலும் 22,000 வோல்ட். பூட்டிய பெட்டியின் வெளிப்பக்கம் பூமியோடு இணைக்கப்பட்டது, தொட்டவுடன் அடிக்காது. அதற்காக அது உட்காரும் திண்ணையும் அல்ல. இடுக்கில் குச்சியோ கம்பியோ விடக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கதவு திறந்திருந்தாலோ, கார் மோதி நசுங்கியிருந்தாலோ தள்ளி நின்று 000 அழையுங்கள். வேலிக்கால் நடக் குழி தோண்டுவதற்கு முன் 'பிஃபோர் யூ டிக்' சேவையில் கேட்டால் கேபிள் போகும் வரைபடத்தை இலவசமாக அனுப்புவார்கள்.

இன்னொன்று. உயர் அழுத்த மின்சாரம் தாக்கியவர்களுக்குச் சில மாதம் கழித்து, சிலருக்கு ஓரிரு ஆண்டு கழித்தும், கண்ணில் புரை விழுவதுண்டு. 26 வயதில் புரை என்று யாரும் நினைக்க மாட்டார்கள். பார்வை புகைமூட்டமாகத் தெரிந்தால் உடனே கண் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள், போகும்போது தொரட்டி லைனில் பட்ட கதையையும் மறக்காமல் சொல்லட்டும்.