73 மணித்தியாலங்கள் பூட்டிக் கிடந்த விளையாட்டுத் தளம்

இணைய விளையாட்டு திறக்கவில்லை என்று பிள்ளை வந்து முறையிட்டால் நாம் உடனே ரவுட்டரை அணைத்துப் போடுவோம். அதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கோளாறு நமது பக்கமா, அவர்களது பக்கமா? வேறொரு இணையத்தளம் திறக்கிறதா என்று பாருங்கள். கைத்தொலைபேசியின் டேட்டாவில் அதே விளையாட்டைத் திறந்து பாருங்கள். அந்தக் கம்பனியின் சேவை நிலைப் பக்கத்தையும் பாருங்கள். கோளாறு அவர்கள் பக்கம்தான் என்று தெரிந்துவிட்டால் மென்பொருளை அழித்து மீண்டும் போடுவது வீண் வேலை. இப்படியான நேரத்தில் "சரிசெய்து தருகிறோம்" என்று கடவுச்சொல் கேட்டு வருபவர்களும் உண்டு. கவனம்.

வாடிக்கையாளரின் வேலை இத்துடன் முடிந்துவிடும். கடைக்காரரின் பாடுதான் பெரிது. 2021 ஒக்டோபரில் அமெரிக்காவின் ரொப்லொக்ஸ் கம்பனிக்கு நேர்ந்ததை வியாபாரிகள் அறிந்து வைத்திருப்பது நல்லது. அப்போது நாளாந்தம் சுமார் 5 கோடிப் பேர் விளையாடிய தளம் அது. ஒக்டோபர் 28 முதல் 31 வரை 73 மணித்தியாலங்கள் முடங்கியது. அதுவும் ஹலோவீன் கொண்டாட்டக் காலம். அத்தளத்தில் விளையாட்டுக்களை உருவாக்கி வருமானம் தேடுவோர் ஏராளம். அவர்களது வியாபாரமும் சேர்ந்தே பூட்டப்பட்டது.

ஓர் உணவகத்தின் இலவச உணவு விளம்பரத்துக்கு வந்த கூட்டத்தால்தான் தளம் விழுந்தது என்று பலர் பேசிக்கொண்டார்கள். காரணம் அதுவல்ல.

ரொப்லொக்ஸிடம் 18,000க்கும் அதிகமான சேர்வர்கள் இருந்தன. எந்த வேலை எந்தச் சேர்வரில் நடக்கிறது, எது நலமாக உள்ளது என்று சொல்லும் பதிவேடு போன்றது கொன்சல் என்ற மென்பொருள். ஒரு மொத்த வியாபாரக் கடையில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்பது ஒரேயொரு கணக்கப்பிள்ளைக்குத்தான் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அவர் படுத்துவிட்டால் சாமான் இருந்தும் விற்க முடியாது.

28ஆம் திகதி பிற்பகல் கொன்சல் மந்தமானது. இயந்திரக் கோளாறு என நினைத்து முதலில் ஒரு சேர்வரை மாற்றினார்கள். சரிவரவில்லை. பின்னர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இன்னும் சக்திவாய்ந்த புதிய இயந்திரங்களைப் போட்டார்கள். அவை நெரிசலைக் கூட்டினவே தவிரக் குறைக்கவில்லை. பழைய அளவிலான இயந்திரங்களுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. சில மணித்தியாலங்களுக்கு முந்திய நிலைக்குக் கொண்டுசென்று தொடங்கிப் பார்த்தார்கள். சற்று நேரம் நன்றாக இருந்தது, மறுபடியும் சரிந்தது. பணத்தைப் போட்டுப் புது இயந்திரம் வாங்கினால் எல்லாம் தீரும் என்று நினைக்கும் முதலாளிமார் இந்தப் பந்தியை இன்னொரு தடவை வாசிக்கலாம்.

போதாததற்கு, கோளாறைக் காட்ட வேண்டிய கண்காணிப்புக் கருவிகளும் அதே கொன்சலில்தான் தங்கியிருந்தன. வீட்டில் மின்சாரம் போனபோது டோர்ச்சும் சேர்ந்து அணைந்த கதை.

உண்மைக் காரணம் முதல் நாளே உள்ளே வந்திருந்தது. கொன்சலில் 'ஸ்ட்ரீமிங்' என்றொரு புதிய முறையைப் பல மாதங்களாகச் சில இடங்களில் பயன்படுத்தி வந்தார்கள். பிரச்சினை எதுவும் வரவில்லை. அந்தத் தைரியத்தில் 27ஆம் திகதி அதை வாடிக்கையாளர் போக்குவரத்தை வழிநடத்தும் பகுதிக்கும் விரித்தார்கள். பகுதியின் சேர்வர்களையும் 50 சதவீதத்தால் கூட்டினார்கள். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய ஒன்றை யார் சந்தேகிப்பார்கள்? 30ஆம் திகதி பி.ப. 3.51க்கு ஸ்ட்ரீமிங்கை நிறுத்தியதும் கொன்சல் எழும்பியது.

இன்னொரு கோளாறும் இருந்தது. கொன்சல் தனது பதிவுகளை போல்ட் டிபி என்ற களஞ்சியத்தில் எழுதி வந்தது. பழைய பதிவுகள் அழிக்கப்பட்டால் அந்த வெற்றுப் பக்கங்களின் பட்டியல் ஒன்று சேரும். 16 கிலோபைட்டுக்கு மேற்படாத ஒரு புதிய பதிவை எழுதும் ஒவ்வொரு தடவையும் 7.8 மெகாபைட் அளவான அந்தப் பட்டியல் முழுவதையும் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. ஒரு வரி விற்பனையைக் குறிக்க, எத்தனை தாள் வெறுமையாக உள்ளது என்பதைக் கணக்குப் புத்தகம் முழுக்கப் புரட்டி எழுதுவது போல.

திருத்திய பின்னரும் கதவை முழுதாகத் திறக்கவில்லை. அப்படிச் செய்திருந்தால் கூட்டம் ஒரேயடியாக மோதி மீண்டும் விழுத்தியிருக்கும். சுமார் பத்துப் பத்து சதவீதமாக ஆட்களை உள்ளே விட்டார்கள். 31ஆம் திகதி மாலைதான் எல்லோருக்கும் திறந்தது. வாடிக்கையாளரின் தரவு எதுவும் தொலையவில்லை.

2022 ஜனவரியில் கம்பனி நடந்தவற்றைத் தனது தவறுகள் உட்பட விரிவாக வெளியிட்டது. தளத்தில் தொழில் செய்தோரின் நட்டத்தை ஈடுசெய்யும் ஏற்பாட்டையும் அறிவித்தது. எல்லாக் கம்பனிகளும் அப்படிச் செய்வதில்லை. உங்கள் பில் போடும் மென்பொருளோ இணையக் கடையோ இன்னொருவரின் சேர்வரில் ஓடுகிறதென்றால், ஒப்பந்தத்தில் இரண்டு விடயங்களைத் தேடிப் பாருங்கள்: சேவை நின்றால் உங்களுக்கு எங்கே அறிவிப்பார்கள், நின்ற நாட்களுக்கான கட்டணத்தை யார் தாங்குவது.