ஒரு வினாவும் ஒரு நூலும்

நுழையும்முன்

ஒருவர் மற்றொருவருக்கு ஒரு நூலின் பெயரைச் சொல்வது சிறு செயலாகத் தோன்றும். ஆனால், அச்சிறு செயல் தனிமனித வாழ்வின் திசையை மாற்றியிருக்கிறது. ஒரு மொழியின் வரலாற்றையே மாற்றியதும் உண்டு. பயணத்திலும் இல்லத்திலும் படித்தற்குரிய நூல்களைப் பிறர்க்குப் பரிந்துரைப்பது எத்தகைய பொறுப்புடையது என்பதை இப்பாடம் உணர்த்துகிறது.

கும்பகோணத்தில் எழுந்த வினா

1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியேற்றிருந்தார் உ.வே. சாமிநாதர். அப்போது அவருக்கு வயது 25. அவ்வூருக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காண அவர் சென்றார். எந்தெந்த நூல்களைப் பாடங்கேட்டீர்கள் என முதலியார் வினவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரனாரிடம் தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ் நூல்கள், கோவைகள், புராணங்கள் ஆகியவற்றை இளைஞர் அடுக்கிச் சொன்னார். முதலியார் நிறைவடையவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார்.

படித்ததில்லை என்பதைச் சாமிநாதர் மறைக்கவில்லை. நூல் கிடைக்காமையே காரணம் என்றும், கிடைத்தால் படிக்க இயலும் என்றும் விடையிறுத்தார். முதலியாரும் கேட்டதோடு நின்றுவிடவில்லை. அந்நூலின் கையெழுத்துப் படியொன்றை வருவித்துக் கொடுத்தார். சமணக் கருத்துகள் நிறைந்த அக்காப்பியம் எளிதில் விளங்கவில்லை. ஆயினும், சாமிநாதர் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களை நாடி ஐயங்களைத் தெளிந்தார். பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கினார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் அவரால் பதிப்பிக்கப்பெற்றன.

ஓர் ஆசிரியரின் கல்வியைக் குறைத்து மதிப்பிடலாகாது எனக் கருதி முதலியார் அன்று வாளா இருந்திருக்கலாம். அவ்வாறு இருந்திருப்பின், கரையானுக்கு இரையாகிக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடும் பணி அன்று தொடங்கியிராது.

நூலும் வாசகரும்

சீர்காழியில் பிறந்த இந்திய நூலகவியலின் தந்தை சீ.இரா. அரங்கநாதன், 1931இல் நூலகத்துக்குரிய ஐந்து விதிகளை வகுத்து நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் உண்டு என்பன அவற்றுள் இரண்டு. அதே ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் மாட்டுவண்டி நூலகம் ஒன்று தொடங்கப்பெற்றது. நூலகத்தைத் தேடி வர இயலாத சிற்றூர் மக்களைத் தேடி நூல்கள் சென்றன.

இப்பணியைத் தனிமனிதர்களும் செய்தனர். க.நா. சுப்ரமண்யம், தாம் படித்துச் சுவைத்த தமிழ் நூல்களைப் ‘படித்திருக்கிறீர்களா?’ என்னும் தலைப்பிலேயே அறிமுகப்படுத்தினார். ‘எழுத்து’ இதழை நடத்திய சி.சு. செல்லப்பா, தாம் வெளியிட்ட நூல்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகவும் கல்லூரி கல்லூரியாகவும் சென்று வாசகர்களிடம் சேர்த்தார்.

பயணத்திற்கும் இல்லத்திற்கும்

தொடர்வண்டியில் படிப்பவரின் கவனம் அடிக்கடி கலையும். நிலையங்கள் வரும், தேநீர் விற்போரின் குரல் எழும், அருகிலிருப்பவர் பேச்சுக்கொடுப்பார். ஆகவே, ஓர் அமர்வில் முடியும் சிறுகதைகளும் கட்டுரைகளும் பயணத்துக்கு ஏற்றவை. புதுமைப்பித்தன், கு. அழகிரிசாமி ஆகியோரின் சிறுகதைகளை இரு நிலையங்களுக்கு இடையே படித்து, அடுத்த நிலையம் வரை அசைபோடலாம். செல்லும் நிலத்தைப் பற்றிய நூல் உடனிருந்தால் பயணம் மேலும் பொருள் பெறும். காவிரிக் கரையில் செல்வோர்க்குச் சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’யைப் பரிந்துரைக்கலாம். கோவில்பட்டிப் பக்கம் செல்வோர்க்குக் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ சன்னலுக்கு வெளியே விரியும் கரிசல் நிலத்தை விளக்கிக் காட்டும்.

இல்லத்தில் படிப்பது வேறு. அங்கே அகராதி அருகிலிருக்கும். படித்த பக்கத்துக்கு மீண்டும் திரும்ப நேரமிருக்கும். உரையோடு கற்க வேண்டிய சிலப்பதிகாரம் போன்ற காப்பியங்களும் பல பாகங்களாக நீளும் புதினங்களும் அதற்குரியவை. ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்கும் வழக்கமும் நம்மிடம் இருந்தது. எழுத்தறியாத முதியோரும் கண்பார்வை குன்றியோரும் அவ்வாறே நூல்களை அறிந்தனர்.

பரிந்துரைக்கும் முறை

தமக்குப் பிடித்தது பிறர்க்கும் பிடிக்கும் எனக் கொள்வது பரிந்துரையில் நேரும் முதற்பிழை. கேட்பவரின் வயது, ஈடுபாடு, படிக்கக் கிடைக்கும் நேரம் ஆகியவற்றை முதலில் அறிதல் வேண்டும். நூலின் பெயரோடு, அது ஏன் அவர்க்குப் பொருந்தும் என்பதையும் சொல்ல வேண்டும். கதையின் முடிவைச் சொல்லலாகாது. நூல் கடினமானதாயின் அதனை மறைக்கவும் கூடாது. இயன்றால் தம்மிடமுள்ள படியையே கொடுத்துதவலாம். படித்து முடித்தவரோடு அமர்ந்து பேசும்போதுதான் பரிந்துரை நிறைவுறுகிறது.

படிக்காத நூலைப் படித்ததில்லை என ஒப்புக்கொள்ளும் துணிவு கேட்பவர்க்கும் வேண்டும். சாமிநாதரிடம் அத்துணிவு இருந்தது; முதலியாரிடம் கொடுக்கும் மனம் இருந்தது. இவ்விரண்டும் சேர்ந்ததனால் தமிழுக்கு ஒரு காப்பியம் மீண்டும் கிடைத்தது. இன்று ஏடுகளைக் கரையான் அரிக்கும் அச்சம் குறைந்துள்ளது. எனினும், எடுப்பாரின்றி நூலக அடுக்குகளில் உறங்கும் நல்ல நூல்கள் பல. அவற்றுள் ஒன்றையேனும் உரியவரிடம் சேர்ப்பது கற்றவர் ஒவ்வொருவரின் கடமையாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி நூலகத்தில் நெடுநாள் எவரும் எடுக்காத நூல் ஒன்றைப் படித்து, அதற்குப் பொருத்தமான வாசகர் யார் என்பதைக் காரணத்துடன் எழுதுக.

2. உங்கள் இல்லத்து முதியவர் ஒருவருக்கு ஒரு சிறுகதையை உரக்கப் படித்துக் காட்டி, அவர் கூறிய கருத்துகளை வகுப்பறையில் பகிர்க.